ஜப்திப் பட்டியல்

மஞ்சக்குப்பம் சப் கோர்ட்டின் அமீன் நான்.
கதவைத் தட்டுவது என் உத்தியோகம்.
கடன்காரன் கதவு, வாடகை பாக்கிக்காரன் கதவு,
இன்றைக்கு அரசாங்கத்தின் கதவு.
அது திறந்தேதான் கிடந்தது.
பதினொன்றரை மணிக்கு உள்ளே
மின்விசிறி மட்டும் பணியில் இருந்தது.

நிறைவேற்று மனு எண் நாற்பத்து மூன்று.
மனுதாரர் அஞ்சலாட்சி, நடுவீரப்பட்டு.
எதிர்மனுதாரர் அரசு;
அரசுக்கு உடம்பு இல்லாததால்
தனி வட்டாட்சியர், ஆதிதிராவிடர் நலம்.
அறுபத்தெட்டு சென்ட் முந்திரிக்கொல்லை,
வீடில்லாதவர்களுக்கு மனை கொடுக்கவென்று எடுத்தது.
நல்ல காரியம். நீதிபதியும் அப்படித்தான் எழுதினார்:
நோக்கத்தில் பழுதில்லை, விலையில்தான் பழுது.
கூடுதல் தொகையை வட்டியோடு கொடுக்கச் சொன்னார்.
பிறகு மாற்றலாகிப் போனார், ஓய்வு பெற்றார்,
போன தை மாசம் செத்தும் போனார்.
தொகை வரவில்லை.

எழுதினேன்:
மர நாற்காலி, கைப்பிடி உடைந்தது, நான்கு.
இரும்பு பீரோ, சாவி இல்லை.
கணினி, தானே புயலுக்கு முந்தியது.
சுழல் நாற்காலி, முதுகில் துண்டோடு, ஒன்று.
துண்டை மட்டும் எடுத்துக்கொள்ளலாமா என்றார் வட்டாட்சியர்.
தாராளமாய் என்றேன்.
உடுதுணிக்கு விலக்கு உண்டு.

சுவரில் முகப்புரை.
'சமதர்ம' என்ற சொல்லின்மேல்
கடல் ஈரத்துப் பூஞ்சை.
"சார், இதுவும் ஜப்தியா?" என்றாள் இளநிலை உதவியாளர்.
சட்டம், தேக்கு, ஒன்று என்று எழுதினேன்.
உள்ளே காகிதம்.
உத்தேச மதிப்பு என்ற கட்டத்தில் பேனா நின்றது.
மனசு கேட்காமல் அந்த வரியையே அடித்தேன்.
அடித்த இடத்தில் சுருக்கொப்பம் போட்டேன்.
எங்கள் வேலையில்
எதை அடித்தாலும் கையெழுத்து வேண்டும்.

வாசலில் ஒரு சின்ன யானை, வாடகைக்கு.
கயிறு கட்டிக்கொண்டே ஓட்டுநர் குணாளன்
"எந்த ஊரு கேஸும்மா?" என்றான்.
மஞ்சப்பையில் தீர்ப்பு நகலோடு நின்றவள் சொன்னாள்.
கயிறு கையிலேயே நின்றது.
"அந்தக் காலனியில பதினேழாம் மனை எங்களது."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.
கட்டளை இருபத்தொன்றில்
இதற்கு விதி எதுவும் இல்லை.
ஊருக்கும் காலனிக்கும் நடுவே ஓடை ஒன்று உண்டு.
அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

அவள்தான் கேட்டாள், "பட்டா குடுத்துட்டானா?"
"எங்க. அப்பா காலத்துல ஒரு டோக்கன்.
போய்க் கேட்டா, நெலம் கோர்ட்டுல கெடக்குதும்பாங்க."
"கோர்ட்டுல கெடக்கறது என் காசுப்பா. நெலம் இல்ல."

வெயில் ஏறியது. வண்டியில் ஏறி
அந்தச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.
அது கொஞ்சம் சுழன்றது. காலை ஊன்றி நிறுத்தினாள்.

பட்டியலுக்குச் சாட்சி வேண்டும்.
அலுவலகத்தில் எல்லோருக்கும் திடீரென்று சாப்பாட்டு நேரம்.
குணாளன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.
பெயர் எழுதினான், தகப்பன் பெயர் எழுதினான்.
முகவரிக்கு நேரே வெகுநேரம் எடுத்துக்கொண்டான்:
மனை எண் 17, காலனி, நடுவீரப்பட்டு.
நான் முத்திரை குத்தினேன்.

அதற்குள் அரசு வக்கீல் வந்துவிட்டார்,
ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல்.
நான்கு வாரம் அவகாசம், நீதிபதி கையொப்பத்தோடு.
நாற்காலிகள் ஏறின வழியே இறங்கின.
துண்டு தன் இடத்துக்குப் போயிற்று.

பட்டியல் மட்டும் என் பையில்.
"சார், அதுல எனக்கு ஒரு ஜெராக்ஸ் கெடைக்குமா?"
தராமல் இருக்க முடியாது,
ஆனால் நகல் மனு போட வேண்டும்,
ஸ்டாம்பு ஒட்ட வேண்டும்,
முதல் மாடி, மூன்று மணிக்குள் என்றேன்.

அஞ்சலாட்சி கீழே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.
"வா," என்றாள் அவனிடம்.
"அந்தப் படிக்கட்டு எனக்குத் தெரியும்."